ஆர்சி கார் ஓடலையா? இஎஸ்சி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

ரிமோட்ல ஓட்டுற ஆர்சி கார் நின்னுபோச்சுன்னா நம்ம பசங்க உடனே போனை எடுத்து இஎஸ்சி என்ன வெலைன்னு தேட ஆரம்பிச்சிடுறாங்க. மோட்டருக்கு எவ்ளோ கரண்ட் போகணும்னு பாத்துக்குற அந்தச் சின்னப் பொட்டிதான் காருக்குள்ள வெலை கூடுன சாமான், அதனால போனா அதுதான் போயிருக்கும்னு ஒரு பயம். சுங்கை சிப்புட் பக்கம் பாடாங்லயும் செம்பனை தோட்டத்து மண்சடக்குலயும் ஓடுற கார்ல நான் பாக்குறது வேற, முக்கால்வாசி பேட்டரியும் பிளக்கும்தான். ஸ்பேர் பார்ட்ஸ்னா ஈப்போவுக்கு மோட்டார்சைக்கிள்ல போற ஆளுங்க நம்ம, போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பேட்டரில ஆரம்பிச்சு வரிசையா பாத்துடுங்க.

ஹார்ட்வேர் கடையில விக்கிற சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்ல வைங்க. இப்ப நிறைய பேரு டூ-எஸ் லைப்போ (லித்தியம் பேட்டரி) போடுறாங்க, அதுல ரெண்டு செல், ஃபுல் சார்ஜ்ல ஒரு செல்லுக்கு 4.2, ரெண்டும் சேந்தா 8.4. மேல 7.4னு ஒட்டியிருக்கறது சராசரி கணக்கு, அதைப் பாத்து குழம்பாதீங்க. மொத்தத்தை மட்டும் பாத்துட்டு பேட்டரி நல்லாதானே இருக்குன்னு விட்டுடுறதுலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க, ஏன்னா மீட்டர்ல 7.8 காட்டும், உள்ள ஒரு செல் 4.1 இன்னொன்னு 3.7ஆ இருக்கும். வெள்ளை பேலன்ஸ் பிளக்ல மூணு வயர் இருக்குல்ல, கறுப்புக்கும் நடு வயருக்கும் ஒரு தடவ, நடு வயருக்கும் சிவப்புக்கும் ஒரு தடவ வச்சுப் பாருங்க, மீட்டர் முனை ரெண்டும் உரசிடாம, உரசுனா பொறி பறக்கும். பேலன்ஸ் சார்ஜ் பண்ணி முடிச்சு கொஞ்ச நேரம் வச்ச பிறகும் ரெண்டு செல்லுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா, கம்மியா இருக்குற செல் சோந்துபோச்சுன்னு அர்த்தம்.

சும்மா இருக்கும்போது ரெண்டு செல்லும் சரியா காட்டி, ரிமோட்ல வேகம் குடுக்குற த்ராட்டிலை அமுத்துனதும் படுத்துடுற பேட்டரியும் இருக்கு, பழசாயிடுச்சுன்னா அப்படித்தான். இதை மேசை மேல வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. பேலன்ஸ் பிளக்ல சொருகுனா, செல் வோல்ட் எறங்குறப்ப கத்துற பீப்பர்னு ஒன்னு அஞ்சு பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், அதை 3.5ல வச்சு காரோட கட்டி ஓட்டுங்க. ஃபுல் சார்ஜ்ல போன பேட்டரி ஒவ்வொரு தடவ அமுத்தும்போதும் கத்தி, விட்டதும் அடங்குச்சுன்னா, மோட்டரும் இல்ல இஎஸ்சியும் இல்ல, பேட்டரிதான்.

அப்புறம் கட்-ஆஃப். லைப்போ ஒரு செல்லுக்கு 3.0க்குக் கீழ போகக்கூடாது, அதுக்குத்தான் இஎஸ்சி தானா வேகத்தைக் குறைக்கும் இல்லாட்டி நிப்பாட்டும். நிக்கல் பேட்டரி போட்டுட்டு செட்டிங் லைப்போல இருந்தா கொஞ்ச நேரத்துலயே நிக்கும், லைப்போ போட்டுட்டு நிக்கல் செட்டிங்ல ஓட்டுனா நிக்காது, ஆனா பேட்டரி செத்துடும். ஹாபிவிங் 1060 இஎஸ்சில இதுக்கு ஒரு குட்டி ஜம்பர் இருக்கு, கையில இடம் மாத்திப் போட்டா ஆச்சு. டமியா கம்பெனி கார் கிட்டோட வர்ற டிபிஎல்இ-02எஸ் இஎஸ்சில லைப்போ கட்-ஆஃபே கிடையாது, அதுக்கு நிக்கல் 7.2 போடுங்க, லைப்போதான் வேணும்னா பீப்பர் இல்லாம எறக்காதீங்க.

பேட்டரி பாஸ்னா பிளக். ஓட்டி முடிச்ச உடனே தொட்டுப் பாருங்க, வயரை விட பிளக் சூடா இருந்தா அங்கதான் கரண்ட் முட்டிக்கிட்டு நிக்குது. அந்த வெள்ளை டமியா பிளக் லேசா பழுப்பாகி உருகியிருக்கும், உள்ள பித்தளை விரிஞ்சு தொளதொளன்னு ஆடும். அதுக்குப் பதிலா எக்ஸ்டி60 இல்லாட்டி டீன்ஸ் பிளக் போட்டுடுங்க, அதுல சிக்கனம் பாக்காதீங்க. சால்டர் பண்ணும்போது பேட்டரி வயரை ஒன்னு ஒன்னா வெட்டுங்க, ரெண்டையும் சேத்து வெட்டுனா ஷார்ட்டு. சிவப்பு கறுப்பு மாத்தி வச்சா இஎஸ்சி அப்பவே போயிடும், அதுக்கப்புறம் செக் பண்ண ஒன்னும் இல்ல.

இப்பதான் எலக்ட்ரானிக்ஸ். சக்கரம் தரையில படாம காரைத் தூக்கி ஒரு டப்பா மேல வைங்க. ரிமோட்டை மொதல்ல ஆன், அப்புறம் கார், நிப்பாட்டும்போது கார் மொதல்ல. இஎஸ்சில லைட் வருது, ஸ்டியரிங் திரும்புது, சக்கரம் மட்டும் சுத்தலைன்னா, ரிசீவர்ல (ரிமோட் சிக்னலை வாங்குற பொட்டி) இருக்குற சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்புற குட்டி மோட்டர்) வயரைக் கழட்டிட்டு ரெண்டாவது சேனல்ல இருக்குற இஎஸ்சி வயரை ஒன்னாவதுல சொருகி ரிமோட் வீலை மெதுவா திருப்புங்க. மோட்டர் சுத்துனா இஎஸ்சி மோட்டர் ரெண்டும் நல்லாருக்கு, ரிமோட் த்ராட்டில் இல்லாட்டி ரிசீவர் சேனல்தான் கோளாறு. சுத்தலைன்னா த்ராட்டில் கேலிப்ரேஷன் (ரிமோட் த்ராட்டில் அளவை இஎஸ்சிக்குப் பழக்குறது) ஒரு தடவ பண்ணிப் பாருங்க, பிறகு மோட்டர் வயர். பிரஷ்லெஸ் (உள்ள கார்பன் இல்லாத) மோட்டர்ல மூணு வயர்ல ஒன்னு லூசானாலும் மோட்டர் சுத்தாம வலிப்பு வந்த மாதிரி துடிக்கும். பிரஷ் மோட்டர்னா விரலால லேசா தள்ளி விட்டா ஓடுதான்னு பாருங்க, ஓடுச்சுன்னா கார்பன் தேஞ்சுபோச்சு. நல்ல பேட்டரி, நல்ல பிளக், சுவிட்சும் ஒழுங்கா இருந்து லைட்டே வரலைன்னா இஎஸ்சி மேல பழி போடலாம்.

ஸ்டியரிங்கை ஒடிச்சா கார் மொத்தமா ஒரு செகண்ட் செத்து உயிர் வருதா? அது சிக்னல் பிரச்சனை மாதிரி தெரியும், பெரும்பாலும் இல்ல. சர்வோ ரொம்பக் கரண்ட் இழுக்கறதால ரிசீவருக்கு வோல்ட் பத்தல. ரிமோட்ல ஸ்டியரிங் அளவைக் குறைச்சு, சர்வோ கடைசி வரைக்கும் போயி முட்டிக்கிட்டு உர்ர்ருன்னு கத்தாம வைங்க, சக்கரத்துக்கிட்ட செம்மண் அடைச்சிருந்தா தோண்டி எடுங்க. அதுலயே நிறைய கார் சரியாயிடும்.

மழையில ஓட்டுனா மொதல்ல பேட்டரியைக் கழட்டிட்டு ஃபேன் காத்துல காய வைங்க. வாட்டர்ப்ரூஃப்னு ஸ்டிக்கர் இருக்கேன்னு விட்டுடாதீங்க, ரிசீவர் பொட்டியைத் தொறந்து பாருங்க, பின்ல பச்சை பூத்திருந்தா ஆல்கஹால் தொட்டு பழைய பல் பிரஷ்ல தேய்ங்க.

லைப்போ சார்ஜ் எப்பவும் பேலன்ஸ் மோட்லதான், 5000 எம்ஏஎச்னா 5 ஆம்ப்பு, அதுக்கு மேல வேணாம். ஓட்டி வந்த சூட்டோட போடாதீங்க. நிக்கல் சார்ஜர்ல லைப்போ போடவே கூடாது, செல் ரொம்ப எறங்கி சார்ஜர் வேணாம்னு சொன்னா நிக்கல் மோட்ல ஏமாத்தி ஏத்தலாம்னு சில அண்ணன்மாருங்க சொல்லிக் குடுப்பாங்க, கேக்காதீங்க. பலகை வீடா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, வெளிய சிமெண்ட் தரையில மண்சட்டிக்குள்ள வச்சு சார்ஜ் போடுங்க, ஆள் பக்கத்துல இருக்கணும், தூங்கப் போறதா இருந்தா புடுங்கிடுங்க. வாரக்கணக்கா ஓட்ட மாட்டீங்கன்னா செல்லுக்கு 3.8ல வச்சு எடுத்து வைங்க. வீங்கிப்போனதைக் குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க, பிளக்ல டேப் சுத்தி வீட்டுக்கு வெளிய தனியா வச்சு, எலக்ட்ரானிக் கழிவு வாங்குற எடத்துல குடுங்க. வீட்டுக்குப் பின்னால குப்பை எரிக்கிற குழியில மட்டும் போட்டுடாதீங்க.