கிரான் வேலைகளை ஏஐ ஏஜென்டை வைத்துப் பார்த்துக்கொள்வது: புதியவர்களுக்கான செய்முறை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு டியூஷன் வகுப்பின் மூலையில், பழைய மடிக்கணினி ஒன்று சர்வராக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ், அதன் மேல் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிரும் மென்பொருள், அதற்குள் சாதாரண தரப் பிள்ளைகளின் கடந்தகால வினாத்தாள்கள். இதில் சில வேலைகள் ஆள் இல்லாமலே நடக்கவேண்டும்: 5 நிமிடத்துக்கு ஒருமுறை நெக்ஸ்ட்கிளவுடின் பின்னணி வேலை, இரவில் காப்புப் பிரதி, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் முழுப் பிரதி.

முதலில் ஒரு விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வேலை செய்யவேண்டியது ஏஜென்ட் (நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கணினியில் கட்டளைகளை ஓட்டும் ஏஐ உதவியாளர்) அல்ல, கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் கருவி). ஏஜென்ட் கிரானுக்கான வரியை எழுதித் தரட்டும், சரிபார்க்கட்டும், விலகிக்கொள்ளட்டும். ஏஜென்டே நேரம் பார்த்து வேலை செய்யும் வசதி சில கருவிகளில் உண்டு, ஆனால் அதற்குப் பெரும்பாலும் இணையம் வேண்டும். மழை பிடித்தால் நம் பக்கத்து இணையம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கிரானுக்கு இணையம் தேவையில்லை.

படி 1: தனிக் கணக்கு

ஏஜென்டுக்கு ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்து, ஒவ்வொரு கட்டளைக்கும் உங்கள் அனுமதி கேட்கும்படி வையுங்கள். 'எப்போதும் அனுமதி' என்ற பொத்தான் பக்கமே போகவேண்டாம்.

படி 2: பார்க்க மட்டும் சொல்லுங்கள்

தமிழிலேயே கேட்கலாம்:

"இந்தக் கணினியில் நேரம் குறித்து ஓடும் எல்லா வேலைகளையும் பட்டியலிடு. கிரான்டேப், சிஸ்டம்டி டைமர், டாக்கர் கன்டெய்னர் மூன்றையும் பார். எதையும் மாற்றாதே. பார்க்க அனுமதி இல்லாததைத் தனியாகச் சொல்."

கிரான்டேப் என்பது ஒரு பயனரின் கிரான் வரிகள் இருக்கும் பட்டியல். சிஸ்டம்டி டைமர் என்பது லினக்ஸில் நேரம் குறித்து வேலை ஓட்டும் இன்னொரு வழி. டாக்கர் கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி. கேள்வியின் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தனிக் கணக்கில் இருக்கும் ஏஜென்டுக்கு மற்றவர்களின் கிரான்டேப் தெரியாது. நெக்ஸ்ட்கிளவுடின் வேலை வழக்கமாக வெப் சர்வரின் பயனர் பெயரில்தான் இருக்கும். அதை நீங்களே எடுத்து ஒட்டிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அது இன்னொரு வரியைப் புதிதாகச் சேர்த்துவிடும்.

படி 3: எந்த ஊர் நேரம்?

கிரான் வரியின் ஐந்து இடங்கள் இடமிருந்து வலமாக நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை.

*/5 * * * * என்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை.
15 2 * * * என்றால் தினமும் அதிகாலை 2.15.

ஆனால் எந்த ஊர் 2.15? டாக்கர் கன்டெய்னர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். அங்கே 2.15 என்றால் நமக்குக் காலை 7.45. பிள்ளைகள் வினாத்தாள் தரவிறக்கும் நேரத்தில் காப்புப் பிரதி தொடங்கினால் பழைய கணினி திணறிப்போகும். "கணினியிலும் கன்டெய்னரிலும் இப்போது மணி என்ன?" என்று ஏஜென்டிடம் கேளுங்கள். நேர வலயத்தைக் குறிக்கும்போது எண்ணால் எழுதாமல் 'ஏசியா/கொழும்பு' (Asia/Colombo) என்று பெயரால் எழுதச் சொல்லுங்கள். இலங்கை நேரம் 1996இல் இரண்டு தடவை மாறி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி உலகப் பொது நேரம் + 5.30க்கு வந்தது. பெயரால் எழுதினால் இந்த வரலாறெல்லாம் கணினியின் கவலை.

படி 4: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

முதலில் இருக்கிற கிரான்டேப்பை ஒரு கோப்பில் சேமிக்கச் சொல்லுங்கள். கிரான்டேப் கட்டளையோடு 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் (-e) திருத்தலாம். 'ஆர்' போட்டால் (-r) கேள்வி கேட்காமல் அத்தனையும் அழிந்துவிடும். விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன!

அப்புறம் இப்படிக் கேளுங்கள்: "காப்புப் பிரதிக் கட்டளையைத் தனி ஸ்கிரிப்டாக எழுது. கிரான் வரி அந்த ஸ்கிரிப்டை மட்டும் அழைக்கட்டும். வெளியீடும் பிழையும் ஒரு லாக் கோப்புக்குப் போகவேண்டும்."

தனி ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு) ஏன்? பிரதியின் பெயரில் திகதி வர % குறி போடுவோம். கிரான் வரிக்குள் நேரடியாக வரும் % புதிய வரியாக மாறி, கட்டளை அந்த இடத்திலேயே முறிந்துவிடும். கையால் ஓட்டும்போது நன்றாக ஓடும், இரவில் ஓடாது. ஏஜென்ட் கையால் ஓட்டிப் பார்த்து 'வெற்றி' என்று சொன்னால் நம்பாதீர்கள். இன்னும் மூன்று நிமிடத்தில் ஓடும்படி நேரத்தை மாற்றி, கிரானே ஓட்டியதை லாக்கில் (நடந்ததைப் பதிந்துவைக்கும் கோப்பில்) பார்த்தபின் 2.15க்குத் திருப்புங்கள்.

படி 5: கரண்ட் போனால்

2.15க்குக் கணினி அணைந்திருந்தால், கிரான் அந்த வேலையைப் பிறகு செய்யாது, அடுத்த நாள்தான். விட்டுப்போனதைக் கணினி வந்ததும் செய்யவேண்டுமென்றால், சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' (Persistent) அமைப்பை இயக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியதும் பழைய கிரான் வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஓடும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடி முழங்கும், அந்த நேரத்தில் பெரிய வேலை எதையும் வைக்கவேண்டாம்.

படி 6: போயா

இங்கேதான் ஏஜென்ட் வழுக்கும். கிரானுக்குச் சந்திரனைத் தெரியாது. 'போயா நாளில் முழுப் பிரதி எடு' என்று மொட்டையாகச் சொன்னால், மாதா மாதம் 15ஆம் திகதி என்று எழுதிவைத்தாலும் வைக்கும். சில வருடங்களில் 13 போயா வருவதும் உண்டு. அரச விடுமுறைப் பட்டியலைப் பார்த்து, போயாத் திகதிகளை வரிக்கு ஒன்றாக நீங்களே ஒரு கோப்பில் எழுதுங்கள். பிறகு:

"தினமும் அதிகாலை 3.30க்கு ஓடும் ஸ்கிரிப்ட் எழுது. இன்றைய திகதி இந்தக் கோப்பில் இருந்தால் மட்டும் முழுப் பிரதி எடு. திகதிகளை நீயாகச் சேர்க்காதே. கோப்பில் இந்த வருடத் திகதி ஒன்றுமே இல்லாவிட்டால் லாக்கில் எச்சரிக்கை எழுது."

அந்த எச்சரிக்கை ஜனவரியில் உதவும். மறுநாள் லாக்கைப் பாருங்கள், எடுத்த பிரதியிலிருந்து ஒரு வினாத்தாளை வேறு கோப்புறையில் மீட்டுத் திறந்தும் பாருங்கள்.