தஞ்சாவூர் பழைய ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது செய்யக்கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் ராஜ வீதிகளிலும் சந்துகளிலும் நடப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். இந்தக் கோடை விடுமுறையில் வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களும், முதல்தடவையாக மாணவர்களை அழைத்துவந்த ஆசிரியர்களும் நிறையப் பேர் கண்ணில் பட்டார்கள். ஆர்வத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் புதிதாகக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள். தொப்பி, தண்ணீர், கழிப்பறை பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது

காலையில் பெரிய கோயில், பத்தரைக்கு அரண்மனை, மத்தியானம் தாராசுரம், சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். இப்படித் திட்டம் போட்டு வேனில் ஏற்றினால் பிள்ளைகளுக்கு வேனில் தூங்கியதுதான் ஞாபகம் இருக்கும். ஊர் நடுவில் இறங்கியே இருக்க மாட்டார்கள்.

ஒரு காலைக்கு ஒரு வீதி போதும். மேல வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்நிலை, கொங்கணேஸ்வரர் கோயில், பங்காரு காமாட்சி அம்மன் கோயில், பரதநாட்டியத்துக்கு இன்றைய வடிவம் தந்த தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடு, அய்யன்குளம், வடக்கு வீதிக்குத் திரும்பும் முனையில் மூலை அனுமார். பெரியவர்கள் விறுவிறுவென்று நடந்தால் அரை மணியில் முடிந்துவிடும். பிள்ளைகளோடு போனால் இரண்டு மணி நேரம் தாண்டும். தேர்நிலையிலேயே பத்து நிமிஷம் நிற்பார்கள். நூறு வருஷம் போல ஓடாமல் இருந்த பெரிய கோயில் தேர் 2015இல் மறுபடி நான்கு ராஜ வீதிகளையும் சுற்றி வந்தது என்று சொன்னால், இவ்வளவு பெரிய தேர் முனையில் எப்படித் திரும்பும் என்று கேட்பார்கள். முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவதைச் சொல்லிவிட்டு, அந்த முனை வரைக்கும் அவர்களையே அடி எண்ணி அளக்கச் சொல்லுங்கள்.

நடுப்பகல்

பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் சிறிய கோயில்கள் சாயங்காலம்தான் திறக்கும். காலை ஏழு மணிக்கு வீதியில் இருங்கள்.

பொய் சொல்லி வாயைப் பிளக்க வைப்பது

மற்ற தவறுகளால் ஒரு நாள்தான் வீணாகும். இது அப்படியில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

போன மே மாதம், சாயங்காலம் நாலரை மணி. பெரிய கோயிலில் நந்தி மண்டபத்துக்குத் தெற்குப் பக்கம் ஓர் அப்பா, இரண்டு பிள்ளைகள். "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலயே விழாது, தெரியுமா?" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கக் காய்ந்த கருங்கல் தளம், வெறுங்கால். சின்னவள் சுடுகிற கல்லிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி ஓடி ஒரு பட்டையான நிழலுக்குள் நின்றுகொண்டு, "அப்பா, இங்கதான் விழுது, கால் சுடலை" என்றாள். அவள் நின்ற இடம் அப்பா சொன்ன அதே கோபுரத்தின், அதாவது கருவறைக்கு மேலே எழும் விமானத்தின், நிழல்தான், ஏறிட்டுப் பார்த்தாலே தெரியும். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வேற நிழல்மா" என்றார்.

அந்தக் குழந்தை சரியாகப் பார்த்தது, சரியாகச் சொன்னது. அதற்குக் கிடைத்த பதில், உன் கண்ணை நம்பாதே என்பது. தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து கற்றுக்கொடுக்கிற விஷயமா இது?

இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு கட்டடத்துக்கு நிழல் இல்லாமல் போகாது. காலையில் மேற்கே விழும், சாயங்காலம் கிழக்கே விழும். சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் இருக்கும் நாட்களின் உச்சி வேளையில் மட்டும், அடிப்பகுதி அகலமாக இருப்பதால் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். இதில் உண்மையான அதிசயம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் தலைக்கு மேல் வருகிறது. அன்று நடுப்பகலில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் அதற்கு நிழலே இருக்காது. பிள்ளைகள் வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாம்.

நிழல் கதையோடு நின்றாலும் பரவாயில்லை. நந்தி வளர்ந்துகொண்டே போனதாம், முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்களாம். அந்த நந்தி ராஜராஜன் வைத்ததே இல்லை, நாயக்கர் காலத்தது. விமானத்தின் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல்லாம். அது பல கற்களை இணைத்துச் செய்தது என்று கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதிவிட்டார்கள். அதற்கப்புறமும் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களில் அந்த 80 டன்தான்.

அரண்மனைக்குப் போனால் சுரங்கப்பாதை. ராஜா தப்பித்துப் போக இங்கிருந்து ரகசிய வழி இருக்கிறது என்று வாசலிலேயே ஓர் ஆசிரியர் ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், நாற்பது பிள்ளைகளுக்கும் அதற்கப்புறம் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தர்பார் மண்டபத்தின் தூண்களில் இன்னும் சாயம் ஒட்டியிருக்கிறது, பார்க்கவில்லை. கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள், பார்க்கவில்லை. தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கலத்தின் முழு எலும்புக்கூடு அரண்மனைக்குள் கிடக்கிறது, அதன் பக்கத்தில் நின்றுகொண்டும் "சுரங்கம் எங்கே சார்?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் பூட்டிய கதவு ஒன்றைக் காட்டி "இதுதான், இப்ப மூடிட்டாங்க" என்று முடித்தார் அவர். உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள் பிள்ளைகள்.

எனக்கு வயிறு எரிந்தது எதற்கென்றால், பூமிக்கடியில் போகும் நிஜமான வழி ஒன்று அதே ஊரில் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே செவ்வப்பநாயக்கன் ஏரியில் மழைத்தண்ணீரைத் தேக்கி, அங்கிருந்து பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நிலத்துக்கடியிலேயே அய்யன்குளத்துக்கு விட்டார்கள். அய்யன்குளத்தைச் சில வருஷங்களுக்கு முன்பு சீரமைத்தபோது அந்தப் பழைய நீர்வழி வெளியே தெரிந்தது. தெருவுக்கடியில், வீடுகளுக்கடியில் தண்ணீர் நடந்து வந்திருக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, மோட்டார் இல்லாத காலத்தில் செய்த வேலை. இதைச் சிவகங்கைக் குளத்தில் ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே மேல வீதி வழியாக அய்யன்குளம் வரை நடத்திக் கூட்டிப்போங்கள். வழியெல்லாம் "இப்ப நம்ம காலுக்குக் கீழேயா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். படிக்கட்டில் உட்காரவைத்து, அந்த ஏரியில் மழை பெய்தால் இங்கே தண்ணீர் எத்தனை நேரத்தில் வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எனக்கும் விடை தெரியாது. தெரியாது என்றே சொல்வேன். பெரியவர்கள் "தெரியலையே" என்று சொன்னால் பிள்ளைகள் முகம் வாடுவதில்லை, யோசிக்க ஆரம்பிக்கிறார்கள்.

கோயிலிலும் அப்படித்தான். விமானத்தின் வடக்குப் பக்கத்து அடிப்பீடத்தில் ராஜராஜன், "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னது அப்படியே இருக்கிறது. சக்கரவர்த்தி தன் பெயருக்கு அடுத்து அக்கா கொடுத்ததை எழுதச் சொல்கிறான் என்றதும், அக்கா இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் கிட்டே வந்துவிடுவார்கள். எழுத்து முழுக்கப் படிக்க வராது. ஆனால் ட, ப இரண்டும் இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் திருச்சுற்று மாளிகைச் சுவரில் உள்ள தளிச்சேரிக் கல்வெட்டு. கோயிலுக்கு ஆடவந்த 400 பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (எந்தப் பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் வருஷத்துக்கு 100 கலம் நெல்லும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு விலாசம்! இதைச் சொல்லிவிட்டு வீதிக்குக் கூட்டிவந்தால், ஒவ்வொரு வீட்டுக் கதவு எண்ணையும் படித்துக்கொண்டே நடக்கிறார்கள். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நிழல் விழாத கோபுரம் எதற்கு?

இந்தத் தவறுக்குக் கொடுக்கிற விலை அந்த நாளோடு முடிவதில்லை. ஏழு வயதில் நிழல் கதையை நம்பிய பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் அது பொய் என்று தெரிந்துவிடும். அப்போது கல்வெட்டையும் அதே கூடையில் போட்டுவிடும். "அதெல்லாம் சும்மா சொல்றது" என்று கல்வெட்டுக்கு முதுகைக் காட்டி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தவர் முற்றத்தில் கேமரா

வடக்கு வீதிப் பக்கமும் அதன் சந்துகளிலும் திண்ணை, முற்றம், நாட்டு ஓடு வைத்த வீடுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எட்டிப்பார்த்துப் படம் எடுப்பது அசிங்கம். உள்ளே ஒரு பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வாசலில் நின்று, "பாட்டி, பிள்ளைங்களுக்கு முற்றம் காட்டலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேர் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிட வேண்டும். கேட்கிற வேலையைப் பிள்ளையிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.

சரஸ்வதி மகாலுக்குள் முன்கூட்டிப் பார்க்காமல் நுழைவது

அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகக் கூடம் சிறியதுதான், ஆனால் சத்து அதிகம். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் கண் நோயாளிகளுக்குக் கொடுத்த சிகிச்சைக் குறிப்புகள் கண்ணின் படத்தோடு இருப்பதைக் கட்டாயம் தேடிக் காட்டுங்கள். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த பழைய பிரெஞ்சுப் படங்களிலிருந்து பிள்ளைகளை நகர்த்துவது கஷ்டம். ஆனால் அதே கூடத்தில் பழைய சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் உண்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். பெரியவர் ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவுசெய்யுங்கள். விடுமுறைக் கிழமையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தலையாட்டி பொம்மையை முதலில் வாங்குவது

கடைசியில் வாங்குங்கள்.

பார்த்ததைக் கட்டுரை எழுதச் சொல்வது

வேண்டாம்.

சந்தில் எல்லோரையும் முன்னால் விடுவது

பெரிய வீதியில் பிள்ளைகள் முன்னால் போகட்டும், எதைப் பார்ப்பது என்று அவர்களே முடிவுசெய்யட்டும். சந்துக்குள் நுழைந்ததும் அது மாற வேண்டும். இரண்டு பக்கமும் சுவர், முனை திரும்பினால் என்ன வருகிறது என்று தெரியாது, பைக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வேகமாகத்தான் திரும்புவார்கள். ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் சுவரோரம் ஒற்றை வரிசை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது இல்லையென்றால் சந்துகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.