நாகர்கோவிலில் ஆபீஸ், துபாயில் ஆள்: லீவு விதி எழுதுவது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமுள்ள சிறு கம்பெனிகள் வெளிநாட்டில் ஒன்றிரண்டு பேரை வேலைக்கு எடுக்கும்போது, இங்கே வைத்திருக்கிற ஆஃபர் லெட்டரிலேயே பெயரையும் சம்பளத்தையும் மாற்றி அனுப்பிவிடுகின்றன. அதில் இருப்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கணக்கு: ஈட்டிய விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12, மருத்துவ விடுப்பு 12. துபாயில் இது செல்லாது. ஆள் எந்த நாட்டில் இருந்து வேலை பார்க்கிறாரோ, லீவு விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம்தான் அடிப்படை. அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். குறைத்து எழுதினால், அவரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி நிற்காது. அதனால் பொது விதியைத் தொடாமல், நாட்டுக்கு ஒரு தனி இணைப்பு எழுதுங்கள்.

முதலில், வேலை அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அமீரகத்தில் உரிமம் இல்லாத கம்பெனி அங்கே நேரடியாக ஆள் வைக்க முடியாது. அங்கு பதிவான ஒரு நிறுவனம் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஒரு லீவு, உங்கள் கடிதத்தில் வேறு லீவு என்று இருந்தால் தகராறு அங்கேயே தொடங்கிவிடும்.

அமீரகத்தில் இப்போது நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம். ஒரு வருடம் முடித்தவருக்கு முழுச் சம்பளத்துடன் 30 நாள். இது காலண்டர் நாள். நடுவில் வரும் வார விடுமுறையும் இதற்குள் அடக்கம். ஆறு மாதம் தாண்டி, வருடம் நிறையாதவருக்கு மாதத்துக்கு 2 நாள். லீவுத் தேதியைக் கம்பெனியே முடிவு செய்யலாம், ஆனால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்தபின் நோய் விடுப்பு வருடத்துக்கு 90 நாள்: 15 முழுச் சம்பளம், 30 அரைச் சம்பளம், 45 சம்பளமில்லாமல்.

கணக்கு அதிகம் பிசகுவது வேலையை விட்டுப் போகும்போதுதான். மொத்தச் சம்பளம் 4,000 திர்ஹாம், அதில் பேசிக் 2,400 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 18 மாதம் வேலை பார்த்தால் சேர்ந்த லீவு 45 நாள். 30 எடுத்துவிட்டார், மீதி 15. எடுத்த லீவுக்கு 4,000 கணக்கில் சம்பளம் கொடுத்திருப்பீர்கள். மீதிக்குக் காசு கொடுப்பது பேசிக்கின் மேல்: 2,400ஐ 30ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 1,200 திர்ஹாம். ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். பேசிக் எவ்வளவு என்று தனியாக எழுதாத கடிதம் இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் தலைவலி.

மற்ற நாடுகளுக்கு இந்தக் கணக்கை நீட்டாதீர்கள். சவூதியில் 21 நாள், ஒரே முதலாளியிடம் 5 வருடம் முடித்தால் 30. கத்தாரில் 3 வாரம், 5 வருடத்துக்குப் பின் 4 வாரம். சிங்கப்பூரில் முதல் வருடம் வெறும் 7 நாள், வருடத்துக்கு ஒன்றாகக் கூடி 14இல் நிற்கும். ஜெர்மனியில் வாரம் 5 நாள் வேலை என்றால் 20 நாள். அங்கே லீவில் இருக்கும்போது காய்ச்சலில் படுத்து டாக்டர் சான்று வாங்கினால் அந்த நாட்களை லீவில் கழிக்கக் கூடாது. மீதி லீவு காலாவதியாகப் போகிறது என்று ஊழியருக்கு முன்கூட்டியே சொல்வதும் அங்கே முதலாளியின் பொறுப்பு.

பண்டிகை லீவுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு இங்கே ஆபீஸ் பூட்டியிருக்கும். அமீரகத்திலும் தேசிய தினத்துக்காக டிசம்பர் 2, 3 விடுமுறை. அதை நம்பி ஒரே பட்டியலை வைத்தால், மண்டைக்காட்டுக் கொடைக்கும் சுசீந்திரம் தேருக்கும் துபாய்க்காரர் வேலைக்கு வர வேண்டுமா என்ற கேள்வி வரும். பெருநாள் லீவில் அங்கே ஆளில்லாமல் இங்கே வேலை தேங்கும்.

துக்க விடுப்பைக் கட்டாயம் எழுதுங்கள். அமீரகச் சட்டத்தில் கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாள்; தாய், தகப்பன், பிள்ளை, கூடப்பிறந்தவர் என்றால் 3 நாள். திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் கிடைத்து, அங்கிருந்து காரில் வீடு வந்து சேரவே ஒரு நாள் போய்விடும். அடக்கம் முடித்து மூன்றே நாளில் யாரும் திரும்ப முடியாது. ‘துக்க விடுப்புடன் சேர்த்து, சேர்ந்திருக்கும் வருட லீவிலிருந்து 15 நாள் வரை முன்னறிவிப்பு இல்லாமல் எடுக்கலாம், ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்’ என்று இணைப்பில் ஒரு வரி சேருங்கள்.