செல்லுலேஸ் மரபணு வேலை செய்கிறதா? காங்கோ ரெட் சோதனை

55–60 டிகிரி செல்சியஸில் வளரும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியாவுக்குள் செல்லுலேஸ் (செல்லுலோஸை அறுக்கும் நொதி) மரபணுவை ஏற்றிய பிறகு, எந்தக் காலனி நொதியை வெளியே விடுகிறது என்று பார்க்க காங்கோ ரெட் என்ற ஒரு சாயமே போதும்.

வழக்கமான ஊடகத்தில் லிட்டருக்கு 5 கிராம் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் (நீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸ்), 20 கிராம் அகார். செல்லுலோஸ் பொடியைச் சுழலும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மாவுக்கட்டிபோல உருண்டு, உள்ளே உலர்ந்தே கிடக்கும். மரபணு ஏறிய காலனிகளை மட்டும் பிரித்தெடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியாக ஆம்பிசிலின் வேண்டாம், இந்தச் சூட்டில் சீக்கிரம் சிதைந்துவிடும்; கனமைசினும், அதை எதிர்க்கும், வெப்பம் தாங்கும் புரதத்தைத் தரும் மரபணுவுமே சரி. காலனிகளை இட்ட தட்டுகள் காயாமலிருக்க, ஈரத்துணியோடு மூடிய டப்பாவில் அதே வளர்ப்புச் சூட்டில் ஓர் இரவு வையுங்கள்.

சாயம் காலனியைக் கெடுக்கும் என்பதால் முதலில் அதே காலனிகளை வேறொரு தட்டில் பதித்து நகல் தட்டு எடுத்துவிடுங்கள். பிறகு கையுறையோடு 0.1 சதவீதக் காங்கோ ரெட்டை ஊற்றி 15 நிமிடம். கொட்டிவிட்டு, 1 மோலார் உப்புக்கரைசலில் 15 நிமிடம் வீதம் இருமுறை கழுவுங்கள். செல்லுலோஸ் அறுபட்ட இடம், சாயம் ஒட்டாமல், சிவப்பின் நடுவே வெளிறிய வளையமாகத் தெரியும். வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம், செல்லுலேஸ் மரபணு இல்லாமல்) ஏற்றிய காலனியும் ஒப்பிட அதே தட்டில் இருக்கட்டும். சில ஜியோபேசில்லஸ்களுக்கு இயல்பாகவே எண்டோகுளுக்கனேஸ் என்ற செல்லுலேஸ் வகை உண்டு.

பெரிய வளையம் வந்தாலும் வைக்கோல் கரையும் என்று அர்த்தமில்லை. வைக்கோலில் உள்ளது போன்ற, இறுக அடுக்கிய படிகச் செல்லுலோஸுக்கு வடிதாளை வைத்துத் தனியே சோதிக்க வேண்டும்.