வெளிநாட்டில் உளவியல்: படிப்புக்கு முன் உரிமத்தைப் பாருங்கள்

கல்லூரியைத் தேடுவதற்கு முன்பு, எந்த நாட்டில் வேலை செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பட்டம் ஒன்று, தொழில் உரிமம் வேறு. முதுகலை முடித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அதற்குள் 2 ஆண்டும் பணமும் போய்விடுகின்றன.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் உளவியலாளர் உரிமத்துக்கு முனைவர் பட்டம் கேட்கின்றன. அதோடு மேற்பார்வையில் பயிற்சி, பிறகு இபிபிபி (EPPP) என்ற உளவியல் உரிமத் தேர்வு: 225 கேள்விகள், மதிப்பெண்ணுக்கு எடுப்பது 175 மட்டுமே. பிரிட்டனில் மருத்துவ உளவியலாளராக 3 ஆண்டு முனைவர் பயிற்சி முடித்து, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்சிபிசி (HCPC) அமைப்பில் பதிவு பெற வேண்டும். உங்கள் இளங்கலைக்கு பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இல்லையென்றால், அந்தக் குறையை ஈடுகட்ட கன்வெர்ஷன் படிப்பு ஒன்று இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் சுமார் ஓராண்டு. ஆஸ்திரேலியாவில் மொத்தம் குறைந்தது 6 ஆண்டு படிப்பும் பயிற்சியும்.

விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது பாடத்திட்டத்தில்தான். மதிப்பெண் பட்டியலில் "உளவியல் தாள் 3" என்றிருந்தால் மதிப்பிடுபவருக்கு எதுவும் புரியாது. ஒவ்வொரு தாளின் பாடப்பகுதி, வகுப்பு நேரம், செய்முறை நேரம் எல்லாம் உள்ள பிரதியில் பல்கலைக்கழக முத்திரை வாங்கிவிடுங்கள். புள்ளியியலும் தனி ஆய்வேடும் இல்லாவிட்டால் பெரும்பாலும் கூடுதல் தாள் எழுதச் சொல்வார்கள்.

பயிற்சிக் குறிப்பேட்டில் தேதி, மணி, செய்த பணி, மேற்பார்வையாளரின் பதிவு எண், கையெழுத்து எல்லாம் வாராவாரம் ஏறட்டும். அவர் வேலை மாறிப்போன பிறகு பழைய மணிநேரங்களுக்குக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. நோயாளியின் பெயரை மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள்.