பழைய கம்ப்யூட்டரில் டிடி தமிழ் ரெக்கார்டிங்: என் அனுபவம்

அம்மா பார்க்கும் டிடி தமிழ் கச்சேரிகளைச் சேமித்து வைக்க, சும்மா கிடந்த கோர் 2 டியோ (இன்டெலின் பழைய ப்ராசஸர்) கம்ப்யூட்டரை எடுத்தேன். இந்த வேலைக்கு அது தாராளம். டிஷ்ஷிலிருந்து வருவதை அப்படியே டிஸ்க்கில் எழுதுவதுதான் அதன் பொறுப்பு, படத்தை மாற்றி அமைப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு 1 முதல் 2 ஜிபி போதும்.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ், ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து (93.5° கிழக்கு) வருகிறது. டிஷ் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் டிவிபி-எஸ்2 கார்டு ஒன்றைப் பொருத்தி, உபுண்டுவில் (லினக்ஸ் வகை இயங்குதளம்) டிவி பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருளை நிறுவினேன். எல்என்பி (டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் கருவி) வகையை யுனிவர்சல் (9750/10600) என்று கொடுத்ததும் சேனல்கள் வந்தன.

அப்புறம்தான் தொல்லை. நேரம் குறித்து வைத்த கச்சேரிகள் பதிவாகவே இல்லை. பார்த்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது! அதே கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதுகிறது. உபுண்டு அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு, இந்திய நேரத்துக்காக இன்னொரு ஐந்தரை மணி நேரம் கூட்டிவிடுகிறது. இணையம் இருந்தால் தானே சரியாகிவிடும், ஆனால் எங்கள் ரவுட்டர் பாதி நேரம் அணைந்தே இருக்கும். விண்டோஸை நீக்கி, கடிகாரத்தை ஒருமுறை சரிசெய்தேன். விண்டோஸ் வேண்டுமென்பவர்கள், வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருப்பதாக உபுண்டுவுக்குச் சொல்லிவிடலாம்.

முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பதியும்படியும் வையுங்கள். மங்களம் பாதியில் அறுந்தால் மனசு கேட்காது.