அபுதாபி ரிக் வேலைக்கு வருபவர்களுக்கு: முதலில் ஊரில் இருக்கும் நாளை எண்ணுங்கள்

அபுதாபி கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் மேடையில் வேலைக்கு காண்ட்ராக்டில் வந்திருக்கிறீர்கள். மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கணக்கு எல்லாம் எப்படி என்று கேம்ப்பில் மூத்தவர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். வரியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இங்க டாக்ஸே கிடையாது தம்பி, கவலைப்படாதே" என்பார்கள். அது பாதிதான் உண்மை. அமீரகம் உங்கள் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை. இந்தியா கேட்குமா என்பது நீங்கள் ஊரில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 28 நாள் டூட்டி, 28 நாள் லீவு என்று போய்வருபவர்களுக்கு அது மயிரிழையில் நிற்கும் கணக்கு.

விதி இதுதான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஓராண்டில், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்துபோகும் இந்தியக் குடிமகன் இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால், அந்த ஆண்டு அவர் இந்தியாவில் வசிப்பவர். 181 நாள் வரை இருந்தால் என்ஆர்ஐ, அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிக்காதவர். வாடகை, பங்கு போன்ற இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்களுக்கு வரம்பு 120 நாளாகக் குறைகிறது. அவர்கள் ஆடிட்டரைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

இப்போது காலண்டரை எடுங்கள். 365 நாளில் 28 நாள் தவணைகள் 13 அடங்கும். 13 ஒற்றைப்படை எண். ஏப்ரல் 1 அன்று நீங்கள் லீவில் வீட்டுக்கு வந்து இறங்கினால், அந்த ஆண்டு வீட்டுத் தவணை 7, அதாவது 196 நாள். ஏப்ரல் 1 அன்று ரிக்கில் ஏறினால் வீட்டுத் தவணை 6, அதாவது 168 நாள். ஏப்ரல் 1 அன்று லீவில் இன்னும் 14 நாள் பாக்கி என்றால்? 14 + 168 = 182. அவ்வளவுதான், வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். அதே கம்பெனி, அதே ரொட்டேஷன், அதே சம்பளம். ஒருவர் என்ஆர்ஐ, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் இல்லை.

எனக்கு இது இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான் தெரிந்தது. ஆடிட்டர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். இங்கே ஏர்போர்ட்டில் ஸ்மார்ட் கேட் என்ற தானியங்கி வாயில் வழியாகப் போய்வந்ததில் பாதிப் பயணங்களுக்கு முத்திரையே இல்லை. பழைய டிக்கெட் மெயில்களைத் தேடி எடுத்து, இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். 179. மார்ச்சில் அக்கா மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் கூடுதலாகத் தங்கியிருந்தால் அந்த ஆண்டுச் சம்பளம் முழுவதற்கும் வரி கட்டியிருப்பேன். அன்று முதல் ஒரு சின்ன டைரியில், இந்தியாவில் இறங்கிய தேதி, கிளம்பிய தேதி, அதுவரை சேர்ந்த நாள் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிவருகிறேன். இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் இந்திய நாளாகவே எண்ணுங்கள். அதில் வழக்குகள் நடந்திருக்கின்றன; உங்கள் பெயரில் இன்னொன்று வேண்டாம். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். ஜனவரியில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள், அப்போது மார்ச் லீவை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? உலகில் எங்கே சம்பாதித்தாலும் அதற்கு இந்தியாவில் வரி. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் சலுகை உண்டு. புதிதாக வந்தவர்களுக்குக் கிடைக்காது. அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி கட்டாததால், "அங்கே கட்டினேன், இங்கே கழியுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை. இங்குள்ள பேங்க் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

முதல் ஆண்டு கிளம்புபவர்களுக்கு ஒரு தேதி: செப்டம்பர் 28. அதற்குள் விமானம் ஏறி, மார்ச் 31 வரை திரும்பாமல் இருந்தால் ஊரில் இருந்தது 181 நாள். அக்டோபரில் கிளம்பினால் அந்த ஆண்டு கைவிட்டுப் போனதுதான். ஆகஸ்டில் கிளம்பி டிசம்பரில் லீவுக்கு வந்தால் அந்த நாளும் சேரும், மறக்காதீர்கள்.

இன்னொன்று, ரிக் எந்தக் கடலில் நிற்கிறது என்று பாருங்கள். மும்பை ஹை என்ற இந்தியக் கடல் எண்ணெய் வயலுக்கோ காக்கிநாடா பக்கமோ இரண்டு மாதம் அனுப்பினால் கடலில் இருந்தாலும் அது இந்தியாவில் இருந்த நாள்தான்.

பணம் வரும் வழியும் முக்கியம். சம்பளம் முதலில் அமீரகக் கணக்கில் விழட்டும். பிறகு என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட என்ஆர்ஐக்கு இந்திய பேங்க் தரும் கணக்கு) அனுப்புங்கள். ஏஜென்ட் ஊர்க் கணக்கில் நேராகப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் முதலில் கைக்கு வந்த வருமானம் என்ஆர்ஐக்கும் வரிக்கு உட்பட்டது. பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றிவிடுங்கள். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை, என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள்.

வரிக் கணக்கில் நீங்கள் இங்கே வசிப்பவர் என்று காட்டும் அமீரகத்தின் வரி வசிப்புச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் டாக்ஸ் அதாரிட்டியின் எமாராடாக்ஸ் தளத்தில் விண்ணப்பிக்கலாம். இங்கே 183 நாள் இருந்தால் கிடைக்கும். ரெசிடென்ஸ் விசாவோடு வேலையோ நிரந்தர வீடோ இருந்தால் 90 நாளே போதும். ஆனால் இந்திய-அமீரக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் கீழ் சலுகை கேட்க, காலண்டர் ஆண்டில் குறைந்தது 183 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அதனால் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று ஊரில் கூடுதலாகத் தங்கிவிடாதீர்கள். இந்தியாவுக்கு ஏப்ரல்-மார்ச், இங்கே ஜனவரி-டிசம்பர். டைரியில் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

கம்பெனி விசாவில் இல்லாமல் சொந்த ஃப்ரீலான்ஸ் லைசென்ஸில் பில் போடுபவர்களா? அப்படியென்றால் "டாக்ஸே கிடையாது" என்பது உங்களுக்குப் பொருந்தாது. காலண்டர் ஆண்டில் பில் தொகை 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் கார்ப்பரேட் டாக்ஸுக்குப் பதிய வேண்டும்; 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். பதியத் தாமதித்தால் அபராதம் 10,000 திர்ஹம். வாட் (VAT, மதிப்புக் கூட்டு வரி) பதிவுக்கு பில் தொகை வரம்பு இன்னும் கீழே: 12 மாதத்தில் 3,75,000 திர்ஹம்.

ஓமன் பக்கம் மாறும் எண்ணம் இருந்தால், அங்கே 2028 ஜனவரி முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5 சதவீத வரி வருகிறது. கிரேன் ஆபரேட்டருக்கோ வெல்டருக்கோ அது எட்டாத தொகை. டே-ரேட்டில் (நாள் கணக்குச் சம்பளத்தில்) பெரிய பொறுப்புக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.